பதினோராவது பாலம்

வீட்டிலிருந்து,
ஞாயிறு இரவு

என் தோரிகாவுக்கு,

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, எழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கத்தினால், வேறு எதுவும் நினைத்துப் பயப்படாதே. எங்கள் அலுவலகத்து ராஜ்மதியின் தம்பி காலை விமானத்தில் பிரிஸ்பேன் வருகிறான், விடிவதற்குள் வந்து இந்த உறையை வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறான். தபாலில் போட எனக்கு மனமில்லை, தொலைபேசியில் சொல்லவும் இஷ்டமில்லை, காரணம் படிக்கப் படிக்கப் புரியும். நான் சுகம். ஊரில் உன் லோசலினி அத்தையும் சுகம், மழை வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவள் முழங்கால் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

போன கடிதத்தில் காலையில் வெறும் தேநீர் போதுமென்று எழுதியிருந்தாய், அது நடக்காது. ஒரு துண்டு மரவள்ளியாவது வேகவைத்து வைத்துக்கொள், உங்கள் ஊர்க் கடையில் உறையவைத்தது கிடைக்கிறதாம். ஜூலைக் குளிருக்கு அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையை யாருக்கும் இரவல் கொடுக்காதே. கோயில் பாடகர் குழுவில் உன் இடத்தில் இப்போது நம் போதகரின் மகள் நிற்கிறாள், சுருதியும் இல்லை ஒன்றும் இல்லை, ஆனாலும் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். நம் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியாததா. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள். கடைசிவரை படி, நடுவில் நிறுத்திவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதே, உன் அப்பாவைப் போல உனக்கும் அந்த அவசரம் உண்டு.

எங்கள் துணைவேந்தர் டாக்டர் இனியாசி இந்த ஆண்டு முடிவில் ஓய்வு பெறுகிறார். பிரிவு விழாவுக்கு அவர் வாழ்க்கையைச் சிறு புத்தகமாகப் போடுகிறார்கள், எழுதித் தட்டச்சு செய்யும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம்தான் கொடுக்க வேண்டுமென்று அவரே சொன்னாராம். எழுத எழுத எனக்கே பிரமிப்பாகத்தான் இருந்தது. லாவுத் தீவில் படகு கட்டுகிறவரின் மகன், பதினாறு வயதுவரை செருப்புப் போட்டதில்லை. நியூஸிலாந்தில் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு அரசு வேலைக்கு வந்தபோது ஃபிஜி முழுக்கத் தேடினாலும் அந்தப் படிப்புப் படித்த நம் ஆட்கள் ஒரு கை விரலுக்குள். தீவுகளுக்குக் குடிநீர்க் குழாய், மூன்று படகுத்துறை, மலைச்சாலை, பாலங்கள். பிறகு இங்கே விரிவுரையாளர், துறைத்தலைவர், கடைசியில் துணைவேந்தர். புயல் காலம் தொடங்குமுன் இந்த வயதிலும் சுலுவை மடித்துக் கட்டிக்கொண்டு வகுப்பறைக் கூரைமேல் ஏறி ஒவ்வொரு திருகாணியாகத் தட்டிப் பார்ப்பார், பையன்கள் கீழே நின்று சிரிப்பார்கள். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். ஆனால் தோரிகா, பதினான்கு வருஷமாக எனக்கு ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது, உன்னிடம் சொன்னதில்லை. இருபத்தைந்து வயசு, கையில் ஆறு வயதுப் பிள்ளை, தட்டச்சுகூடத் தெரியாத என்னை நம் போதகர் மூலம் ஆள் அனுப்பி வேலைக்குக் கூப்பிட்டது ஏன்? மாலை வகுப்பில் சேர்ந்து பட்டம் வாங்கு என்று விரட்டியது ஏன்? உன் உதவித்தொகை விண்ணப்பத்தில் நான் கேட்காமலே இரண்டு பக்கம் சிபாரிசு எழுதியது ஏன்? மழைக் காலம் வந்தால் வேறு எந்த ஊரையும் கேட்காமல், நம் ஊர் வைலோவா ஆற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது வசிதி என்று என்னிடம் மட்டும் கேட்பது ஏன்? ஒரு ஆண்பிள்ளை விதவைக்கு உதவி செய்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ அதைத்தான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி அவர் ஒரு நாளும் ஒரு பார்வைகூடப் பார்த்ததில்லை. அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது.

இந்த வருஷம் அது முற்றிவிட்டது. மார்ச்சில் அவர் அறை அலமாரியைத் துடைத்தபோது கோப்புகளுக்குப் பின்னால் பாய்த் துணியில் சுற்றிய ஒரு தம்புவா இருந்தது. சின்னதில்லை, என் முழங்கை நீளத்துக்குத் திமிங்கலப் பல், எண்ணெய் தடவித் தடவி மஞ்சளேறிப் போனது, கயிறு மட்டும் புதிதாகப் பின்னியிருந்தது. பெண் கேட்கவோ மன்னிப்புக் கேட்கவோ சாவுக்கோ தவிர யார் அதை வெளியே எடுப்பார்கள். அதே வாரம் உன் தேர்வு எப்போது முடிகிறது, எப்போது ஊருக்கு வருகிறாய், உன் புகைப்படம் இருக்கிறதா என்று விசாரித்தார். ராஜ்மதியிடம் சொன்னேன், அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "அடிப் போடி மண்டு, அலமாரியில பல்லு, கையில பொண்ணு போட்டோ. இதுக்கு மேல மேளம் கொட்டியா சொல்லணும்? அவரு தங்கச்சி மகன் ஒருத்தன் இருக்கானே, பந்து விளையாடுறேன்னு முழங்காலை ஒடிச்சுக்கிட்டு படுத்துக் கெடக்கானே தோமாசி, அவனுக்குத்தான் இன்ஜினியருக்குப் படிக்கிற உன் மகளைக் கேக்கப் போறாரு. மாப்பிள்ளைக்கு வேலை இல்ல, ஆனா தூங்குறதுல கெட்டிக்காரன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷ உதவியும் இதற்காகத்தானோ, பெரிய பல்லைக் கொண்டுவந்து ஊரார் முன்னால் வைத்தால் வேண்டாமென்று எந்த வாயால் சொல்வேன் என்று இரண்டு மாதம் யோசித்துக்கொண்டே இருந்தேன். நீ இப்போது சிரிக்கிறாய் என்று தெரியும். சிரிக்காதே, இனிமேல்தான் இருக்கிறது.

புத்தகத்துக்காக அவர் எனக்கு ஒரு பட்டியலும் ஒரு தகரப் பெட்டியும் கொடுத்திருந்தார். பட்டியலில் அவர் கட்டிய பாலங்கள் பத்து. பெட்டியிலிருந்த பழைய பத்திரிகைத் துண்டில் பதினொன்று என்று போட்டிருந்தது. பத்திரிகைக்காரன் தப்பாக எழுதியிருப்பான் என்று விட்டிருக்கலாம், எனக்கு விடத் தெரியாது. ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தேன். விடுபட்டது வைலோவா. நம் ஊர்ப் பாலம். உன் அப்பா சரக்கு வண்டியோடு ஆற்றில் போன பாலம். அதைக் கட்டியவர் யாரென்று ஊரில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, அரசாங்கம் கட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கே பெட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், கேட்காமல்தான் எடுத்து வந்தேன்.

பெட்டிக்குள் அவருடைய கள நோட்டுகள் இருந்தன, பென்சிலில் எழுதியவை, வெயிலில் பழுப்பேறியவை. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒன்றில் நம் ஊர்ப் பெயர். பாலம் போடுமுன் பழைய பெருவெள்ளம் எந்த மட்டம் வந்ததென்று ஊரில் விசாரிக்க வேண்டுமாம், அதற்கு மேலேதான் பாலத்தின் தளம் நிற்க வேண்டும், இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில், ஊர்க்கூட்டம், யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்திருந்தோம், ராத்து மேலியின் வீட்டு மேட்டின் அடியோடு வெள்ளம் நின்றுவிட்டதென்று அனைவரும் ஒரே குரலில் கூறினர் என்று எழுதி ஒரு அளவு. ராத்து மேலி அப்போது ஊர்த்தலைவர், உனக்கு நினைவிருக்காது. மறுபக்கத்தைத் திருப்பினேன். அதே தேதி, சாயங்காலம், ஆற்றங்கரையில் சிப்பி எடுக்கும் பெண் லோசலினி, வயது சுமார் இருபது, சிறுமியாக ஈவி மரக் கவையில் ஏறி அமர்ந்திருந்ததாகவும் தண்ணீர் தன் குதிகாலைத் தொட்டதாகவும் சொல்கிறாள், மரத்தை நானே அளந்தேன். அளவு இரண்டடி நாலு அங்குலம் கூடுதல். அதாவது வெள்ளம் தலைவர் வீட்டுக்குள் புகுந்திருக்கிறது. அந்த வரியின்மேல் ஒரு கோடு, அழிக்கவில்லை, லேசாக ஒரு கோடு. கீழே, கூட்டத்தின் அளவே எடுத்துக்கொள்ளப்படும் என்று ஒரே வரி. அவருக்குத் தெரிந்திருக்கிறது தோரிகா. மரத்தை அவரே அளந்திருக்கிறார்.

போன வாரச் சனிக்கிழமையே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அத்தை ஆற்றிலிருந்து வந்து ஈரச் சுலுவோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். நோட்டை வாசித்துக் காட்டினேன். "அட, அந்த லாவுப் பையனா! அளவுகோல நட்டு வெச்சுக்கிட்டு ஒத்தக் கண்ணால என்னையே பாத்துக்கிட்டு நின்னான், கட்டிக்கக் கேக்கப் போறான்னுல்ல நெனச்சேன், வெள்ளத்தப் பத்திக் கேக்குறான்" என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அத்தனை ஆண்களுக்கும் உண்மை தெரியுமே, ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்குற பாரு கேள்வி. ராத்து உக்காந்திருக்காரு, அவரு மொகத்துக்கு நேரா, ஐயா உங்க வீட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சு, உங்க பாய் மெதந்துச்சுன்னு எவன் சொல்லுவான்? எங்கப்பன் சொல்லுவானா? அந்த மேட்டுல தண்ணி ஏறுச்சுன்னா அந்த வீட்டுக்கே கொறச்சல்னு அர்த்தம். தலையக் குனிஞ்சுக்கிட்டு ஆமாங்கய்யா அடியோட நின்னுருச்சுன்னுதான் சொல்லுவாங்க. நான் பொம்பள, கூட்டத்துல இல்ல. அதனால எனக்கு நெஜம் சொல்ல முடிஞ்சுது" என்றாள். உன் அப்பா போன அன்று, தண்ணீர் இதற்கு மேல் வந்தால் பாலத்தில் ஏறக்கூடாது என்று தூணில் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழேதான் தண்ணீர் இருந்தது, தம்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை ஏற்றினான், மேலே இருந்து வந்த மரம் பாலத்துக்கு அடியில் போக இடமில்லாமல் உத்தரத்தில் முட்டி வண்டியோடு பாலத்தைச் சாய்த்தது என்று அவள் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். நான்கூட அதைத் தம்பிமேல் உள்ள பாசத்தில் சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன், இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. விசாரணையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே இருந்தது, ஓட்டுநர் முந்தின இரவு யங்கோனா குடித்துவிட்டு மந்தமாக இருந்தார் என்று எழுதி முடித்தார்களே, அப்போது பல்கலைக்கழக நிபுணர் ஒருவரின் கருத்து என்று ஒரு வரி வாசித்தார்கள், பதிவான வெள்ள மட்டத்துக்கு ஏற்பவே பாலம் கட்டப்பட்டுள்ளது என்று. எனக்கு இருபத்தொரு வயசு, உன்னை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தேன், அந்த நிபுணர் யாரென்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது விசாரித்துவிட்டேன். அவர்தான். பொய் இல்லை, பார், ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை வரை பொறுத்தேன், அன்று நோட்டை அவர் மேஜைமேல் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். திடுக்கிடுவார், எங்கே கிடைத்தது என்பார், அல்லது கோபப்படுவார் என்று ஆயத்தமாகப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பெட்டிய உங்கிட்ட குடுத்து பதினோரு வாரம் ஆச்சு வசிதி. எதையும் ஒரே நாள்ல முடிக்கிறவ, இதுக்கு மட்டும் இவ்வளவு நாளா?" என்றார். அவரே தொடர்ந்தார். "அப்ப எனக்கு முப்பது வயசு, ஊருக்கு விருந்தாளி, தீவுக்காரன். வரைபடத்த ராத்து முன்னால விரிச்சுக் காட்டணும். வெள்ளம் உங்க வீட்டுக்கு மேலன்னு அதுல எழுதியிருந்தா அவரு மூஞ்சில அறைஞ்ச மாதிரி. எங்கப்பா என்னை அப்படி வளக்கல. ரெண்டடிதானே, அப்படி ஒரு வெள்ளம் எப்ப வரப் போவுதுன்னு நெனச்சேன். மரியாதைக்காக ரெண்டடி எறக்குனேன், அவ்வளவுதான் செஞ்சேன்." நான் கேட்டேன், சரி, அது முப்பது வயசு, விசாரணைக்கு எழுதிக் கொடுத்தபோது நாற்பத்திரண்டு வயசில்லையா சார் என்று. அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து அந்தத் தம்புவாவை எடுத்து மேஜைமேல் வைத்து, "இது எங்கப்பாவோடது. உங்க ஊருக்கு வரணும். வாசல்ல உக்காரணும். நீ வேணாம்னு சொன்னா அப்படியே எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார்.

அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு உள்ளே இன்னொன்று ஓடியது. அந்தப் பல்லை ஒருமுறை கையில் வாங்கிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது, அப்புறம் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, பேரப்பிள்ளை காலத்திலும் கூடாது, நம் வழக்கம் அப்படி. புத்தகத்தில் பத்துப் பாலம் பத்தாகவே இருக்கும். ஊர் மன்னித்த மனிதரை எந்தப் பத்திரிகை கேட்கும், எந்த விசாரணை கேட்கும். மனசு உறுத்தித்தான் வருகிறாரா, அல்லது ஓய்வு பெறுமுன் கணக்காகக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாரா? இத்தனை வருஷத்தில் அந்த ஒரு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம், போடவில்லை. பெட்டியை வேறு யாரிடமும் கொடுத்திருக்கலாம், என்னிடம் கொடுத்தார். ஆனால் பட்டியலில் பதினொன்றை எழுதவும் இல்லையே. தன் வாயால் சொல்ல மாட்டார், நானே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த கையோடு மன்னித்தும்விட வேண்டும். அன்று ஊரார் ராத்துவுக்குச் செய்ததை இன்று நான் இவருக்குச் செய்ய வேண்டுமென்று எதிர்பார்க்கிறாரோ என்று தோன்றியது. அதனால் சொல்லிவிட்டேன். முதலில் பதினோராவது பாலம் புத்தகத்தில் வரட்டும் சார், இரண்டு அளவும் வரட்டும், என் புருஷன் வதிலியாய் பெயரும் வரட்டும், விசாரணைக்கு நீங்கள் எழுதாமல் விட்டதும் வரட்டும், அப்புறம் பல்லைப் பற்றிப் பேசலாம் என்றேன். பதினான்கு வருஷத்தில் அந்த அறையில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு. தட்டு. நான் சொல்றேன்" என்றார். ஒன்றரைப் பக்கம் சொன்னார், எதையும் மழுப்பவில்லை, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் புத்தகத்தை ஆட்சிக்குழு பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பும், அங்கே யாராவது அந்த ஒன்றரைப் பக்கத்தை உருவிவிட்டால்? அவரே உருவச் சொன்னால்? கையெழுத்திட்ட தாள் என் படுக்கைப் பாய்க்கு அடியில் இருக்கிறது. நகல் ஒன்று இந்த உறையில் இருக்கிறது, நோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிறது.

நேற்று மறுபடி ஊருக்குப் போய்விட்டு இன்றுதான் திரும்பினேன். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனி அவர் பல்லோடு வருகிறாரென்று சேதி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போதைய தலைவர், ராத்து மேலியின் மகன், என்னைக் கூப்பிட்டு, "பெரிய மனுசன் எறங்கி வர்றாரு, மொகத்தத் திருப்பாத வசிதி, வாங்கிட்டு விடு. எங்கப்பா பேரும் இதுல கெடக்குது" என்றார். கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது. எல்லோரும் வாங்கு வாங்கு என்கிறார்கள், விருந்துக்குப் பன்றிகூடப் பார்த்துவிட்டார்கள். அத்தை மட்டும், என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "யங்கோனாக்காரன் மகள்னு பள்ளிக்கூடத்துல பேர் வாங்குனது நீயும் இல்ல நானும் இல்ல. அவகிட்ட கேளு" என்றாள்.

அதனால் கேட்கிறேன். என் கோபமும் என் சந்தேகமும் கலந்து நான் எதையும் சரியாகப் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ அந்தப் படிப்புப் படிக்கிறவள். நகலை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் பொறியாளராகப் பார். அந்த இரண்டடி நாலு அங்குலம் உயர்த்தியிருந்தால் அன்றைக்கு அந்த மரம் பாலத்துக்கு அடியில் போயிருக்குமா, போயிருக்காதா? தெரிந்த பேராசிரியர் யாராவது இருந்தால் ஊர்ப் பெயரை மறைத்துவிட்டுக் கேள். பிறகு வதிலியாயின் மகளாகப் படி, அவர் சொல்லித் தட்டிய ஒன்றரைப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படி, அது நிஜமாக வருந்துகிறவன் பேச்சா என்று சொல். உதவித்தொகைக்கு அவர் எழுதிய சிபாரிசை நினைத்து, இந்தப் படிப்பே வேண்டாமென்று மட்டும் கிளம்பிவிடாதே, அந்த மதிப்பெண்களை நீ வாங்கினாய், அவர் வாங்கித் தரவில்லை. தேர்வை ஒழுங்காக எழுது. உன் அப்பா அவசரப்படவில்லை, கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார், மேலே ஓரிடத்தில் உன் அப்பாவைப் போல அவசரம் என்று எழுதிவிட்டேன், அதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள், இத்தனை வருஷப் பழக்கம் கை தானாக எழுதிவிட்டது.

ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. நடக்கிற பாதையிலெல்லாம் உனக்கு முன்னால் அவர் நடக்கட்டும். கம்பளிச் சட்டை, மரவள்ளி இரண்டையும் மறக்காதே. உன் சொல் வராமல் அந்தச் சனிக்கிழமை விடிந்தால் நான் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன், கைகளை மடியை விட்டு எடுக்க மாட்டேன், யார் என்ன சொன்னாலும் சரி. ராஜ்மதியின் தம்பி புதன்கிழமை திரும்பி வருகிறான், பதிலை அவன் கையில் கொடுத்தனுப்பு. வாங்கட்டுமா வேண்டாமா என்று ஒரு வரியானாலும் போதும். தயவுசெய்து சீக்கிரம் எழுது.

உன் அம்மா,
வசிதி